ஜப்பான் பெண்கள் கோல்பால் அணியை லண்டன் தங்கத்தோடு நிறுத்திவிடாதீர்கள்

ஜப்பான் பெண்கள் கோல்பால் அணியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 2012 லண்டன் பாராலிம்பிக் தங்கத்தில் தொடங்கி, 2021இல் டோக்கியோவில் வென்ற வெண்கலத்தில் முடித்துவிடுகிறார்கள். நடுவில் ஒன்பது வருடம் இருக்கிறது. அந்த அணி எப்படிப்பட்டது என்று எனக்குப் புரியவைத்தது அந்த நடுப்பகுதிதான். அதற்கு ஆசிய பசிபிக் சாம்பியன்ஷிப் முடிவுகளைப் பார்க்க வேண்டும்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக 1946இல் உருவானது இது. ஒரு பக்கத்துக்கு மூன்று பேர், எல்லோர் கண்களும் முழுதாக மறைக்கப்பட்டிருக்கும். எதிரணி கையால் வீசும், உள்ளே மணி வைத்த 1.25 கிலோ பந்து தரையோடு பாய்ந்து வரும்போது, சத்தத்தை மட்டும் நம்பி உடம்பைக் குறுக்கே நீட்டிப் படுத்துத் தடுக்க வேண்டும். கோலின் அகலம் ஒன்பது மீட்டர். மைதானத்தின் அகலமும் அவ்வளவுதான்! பார்வையாளர்கள் ஆட்டம் நடக்கும்போது வாயே திறக்கக் கூடாது, கோல் விழுந்த பிறகுதான் கைதட்டலாம்.

லண்டன் இறுதிப் போட்டியில் சீனாவை 1-0 என்று வென்றார்கள். முதல் பாதியில் அடாச்சி அகிகோ போட்ட அந்த ஒரு கோலைக் கடைசி வரை காப்பாற்றினார்கள். பாராலிம்பிக்கில் குழு விளையாட்டு ஒன்றில் ஜப்பானுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. நான்கு வருடம் கழித்து ரியோவில் காலிறுதியிலேயே அதே சீனா அவர்களை வீட்டுக்கு அனுப்பியது. அதுவும் ஆட்டம் சமனாகி, கூடுதல் வீச்சுகளில் (கால்பந்தின் பெனால்டி ஷூட்அவுட் மாதிரி).

அடுத்த வருடமே, 2017இல், பாங்காக்கில் ஆசிய பசிபிக் பட்டம். 2019இல் ஜப்பானிலேயே உள்ள சிபாவில் மறுபடியும் பட்டம். இந்த இரண்டாவதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். டோக்கியோ பாராலிம்பிக்கை நடத்தும் நாடு என்பதால் ஜப்பானுக்கு இடம் ஏற்கெனவே உறுதி. தோற்றிருந்தாலும் எதுவும் போயிருக்காது. சீனா மாதிரி அணிகள் இருக்கிற போட்டியில் அப்படிப்பட்ட நிலையிலும் விட்டுக்கொடுக்காமல் ஆடி ஜெயிப்பது லேசான விஷயமா?

இந்த அணியின் வீராங்கனை உராத்தா ரியேயைச் சொல்லாமல் இதை முடிக்க மனம் வரவில்லை. இருபது வயதையொட்டிப் பார்வையை இழந்தவர். 2004 ஏதென்ஸில் ஜப்பான் பெண்கள் வென்ற வெண்கலம்தான் அவரை இந்த ஆட்டத்துக்கு இழுத்து வந்தது. பெய்ஜிங், லண்டன், ரியோ, டோக்கியோ என்று நான்கு பாராலிம்பிக் ஆடினார். டோக்கியோவில் அவருக்கு 44 வயது. அவரோடு, லண்டனில் பதினேழு வயதில் ஆடிய வாகாசுகி ஹருகாவும் அங்கே இருந்தார். இப்படி ஒரு தலைமுறை அடுத்ததைக் கையோடு கூட்டிக்கொண்டு வருவது நான்கு வருடத்துக்கு ஒரு முறை மட்டும் எட்டிப்பார்க்கிறவர்கள் கண்ணில் படாது.

ஆசிய பசிபிக் என்றால் ஐரோப்பாவுக்கு ஒரு படி கீழே என்ற நினைப்பு பலருக்கு உண்டு. அது சரியில்லை. 2022 உலக சாம்பியன்ஷிப்பில் துருக்கிக்கு அடுத்து வெள்ளி வாங்கியது தென்கொரியா. 2024 பாரிஸில் பெண்கள் பிரிவுக்கு மொத்தமே எட்டு இடம். அதில் மூன்றைச் சீனா, ஜப்பான், தென்கொரியா பிடித்தன.

விளையாட்டுப் பக்கம் எழுதும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். பாராலிம்பிக் வரும் வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த ஆசிய பசிபிக் போட்டி நடக்கும்போதே தினமும் ஸ்கோரையும் கோல் போட்டவர்களின் பெயரையும் போடுங்கள்.