ரைட் கிளிக் செய்தால் ‘உதவி’

1 டிபி எஸ்எஸ்டி டிஸ்க் வாங்கிப் போட்டவனுக்கு, இடம் தீர்ந்தது என்று சி டிரைவ் சிவப்புப் பட்டை காட்டலாமா? நீங்களே சொல்லுங்கள்.

பழைய 256 ஜிபி டிஸ்க்கை அச்சு அசலாகப் புதியதில் நகலெடுத்தேன், அதாவது குளோன் செய்தேன். கம்ப்யூட்டர் ஒழுங்காகத் திறந்தது. ஐந்து நிமிடம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் பார்த்தால் சி டிரைவில் மீதி 4 ஜிபி. அட்டைப்பெட்டியில் 1 டிபி என்று போட்டுவிட்டு உள்ளே 931 ஜிபி காட்டுவார்கள், அது தெரிந்த கதை. விற்கிறவர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார், கம்ப்யூட்டர் 1024-ஆல் வகுக்கிறது, நடுவில் நாம் பணம் கட்டுகிறோம். அதையெல்லாம் எப்போதோ செரித்தாயிற்று. மிச்சம் 690 ஜிபி எங்கே?

டிஸ்க்கில் எந்த இடம் யாருக்கு என்று காட்டும் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்தேன். இடது பக்கம் மூச்சுத் திணறும் சி டிரைவ். வலது பக்கம் யாருக்கும் ஒதுக்காத 690 ஜிபி வெட்டவெளி. இரண்டுக்கும் நடுவில், நந்தனாருக்குச் சிவனை மறைத்த திருப்புன்கூர் நந்தி மாதிரி 600 எம்பி ரெக்கவரி பார்ட்டிஷன். கம்ப்யூட்டர் படுத்தால் எழுப்பிவிட என்று விண்டோஸ் ஒதுக்கிவைத்த துண்டு. பக்கத்திலேயே காலி இடம் ஒட்டியிருந்தால்தான் சி டிரைவை நீட்ட முடியுமாம். அதனால் நீட்டுவதற்கான ‘எக்ஸ்டெண்ட் வால்யூம்’ அழுத்த முடியாமல் வெளிறிப்போய்க் கிடக்கிறது.

சரி, நந்தியை நகர்த்துவோம் என்று அதன் மேல் ரைட் கிளிக் செய்தேன். மெனுவில் ஒரே ஒரு வரி: ‘உதவி’.

அழிக்க இல்லை, நகர்த்த இல்லை. உதவி! கை தவறியிருக்கும் என்று மறுபடி அழுத்தினேன். உதவி. அட்மினிஸ்ட்ரேட்டராக நுழைந்து அழுத்தினேன். உதவி. ரீஸ்டார்ட் செய்துவிட்டு, கோபம் தெரியாதபடி மெதுவாக அழுத்தினேன். உதவி. “என்னங்க, இன்னுமா முடியலை?” என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. அந்த ஒரு பக்கத்திலிருந்துதான் உதவி வரவில்லை.

இந்த ரெக்கவரி எனக்கு என்ன கிழித்தது தெரியுமா? இரண்டு வருடம் முன்பு கம்ப்யூட்டர் திறக்காமல் படுத்துக்கொண்டபோது, இது எழுந்து வந்து முக்கால் மணி நேரம் பரிசோதித்துவிட்டு, ‘சரிசெய்ய முடியவில்லை’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது. திருடன் வந்த அன்று தூங்கிய வாட்ச்மேன், இன்று வீட்டுக்காரனை வாசலில் நிறுத்தி அடையாள அட்டை கேட்கிறான்.

எதைத் தொடும் முன்பும் பேக்கப் எடுங்கள் என்பார்கள் மகான்கள். ரெக்கவரி பென்டிரைவ் தயார் செய்யப் போனால், ‘இதில் உள்ள எல்லாம் அழிக்கப்படும்’ என்றது. அதில் மச்சினி கல்யாண போட்டோக்கள் இருக்கின்றன. பேக்கப் எடுக்க பென்டிரைவ் காலியாக வேண்டும், காலியாக்க அதை பேக்கப் எடுக்க வேண்டும். அந்த போட்டோக்களை சி டிரைவில் போடலாம் என்று பார்த்தால், 4 ஜிபி. கடைசியில் பையனின் எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க்கைக் கெஞ்சி வாங்கி எல்லாவற்றையும் ஏற்றினேன். மீதி 3 நிமிடம், மீதி 2 மணி நேரம், மீதி 40 விநாடி, மீதி 5 மணி நேரம். எந்தக் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்கிறதோ.

இரவு பதினொன்றரைக்கு கட்டளை தட்டும் கறுப்புத் திரையைத் திறந்து, ரெக்கவரியை நிறுத்திவைக்கும் ‘ரீஏஜென்ட்சி டிஸேபிள்’ கொடுத்தேன். உள்ளே இருந்த சாமான் சமத்தாக சி டிரைவுக்கு வந்துவிட்டது. அப்புறம் டிஸ்க்கைக் கூறு போடும் டிஸ்க்பார்ட்டில், தடையை மீறி அழிக்கச் சொல்லும் ‘டெலீட் பார்ட்டிஷன் ஓவர்ரைடு’. அவ்வளவுதான், நந்தி காணோம். பென்டிரைவில் ஒரு போட்டோவை அழித்தாலே ‘நிச்சயமாகவா?’ என்று கேட்கிற அதே கம்ப்யூட்டர், ஒரு பார்ட்டிஷனையே முழுங்கும்போது ஒரு வார்த்தை கேட்கவில்லை. டிஸ்க் எண்ணை ஒன்று மாற்றித் தட்டியிருந்தால், பையனின் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவைத்த பதினைந்து வருடக் குடும்பம் காலி. மெனுவில் கெஞ்சியவனுக்கு ‘உதவி’, கத்தியோடு வந்தவனுக்கு ராஜ மரியாதை!

சி டிரைவை நீட்டி, கடைசியில் 1 ஜிபி ஒதுக்கி, ரெக்கவரியை அங்கே குடிவைத்து, மறுபடி எனேபிள் செய்து முடிக்க எட்டு நிமிடம் ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எதற்குப் போனது என்று நினைத்து தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

காலையில் ஆபீஸுக்குக் கிளம்பினால், கீழ் வீட்டுக்காரர் வழக்கம்போல ஸ்கூட்டரை கேட்டுக்கு நட்டநடுவில் நிறுத்தியிருக்கிறார். இரண்டு பக்கமும் மூன்றடி காலி. பெல் அடித்தால் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, “ஏதாவது ஹெல்ப் வேணுமா சார்?” என்கிறார்.