ஆமா, நான் அரண்மனைக்குள்ள போகல

ரெண்டு நாளா இதப் பத்தி எழுத வேணாம்னுதான் இருந்தேன். நேத்து நைட்டு அத்தை பையன் அந்த ஸ்க்ரீன்ஷாட்ட எனக்கே ஃபார்வர்டு பண்ணி "இது நீதானடா"ன்னு கேட்டான் பாருங்க, அதுக்கப்புறம் தூக்கம் வரல. என் பதிவ யாரோ ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, கிண்டல் பண்ணி சுத்த விட்டிருக்காங்க. பாங்காக்ல ஒரு நாள் நடைன்னு நான் போட்ட செலவுக் கணக்கு, அதுக்கு மேல "பாங்காக் போயும் ஓசிச் சோறு, அரண்மனை வாசல்ல செல்ஃபி"ன்னு ஒரு வரி, கூடவே சிரிக்கிற பொம்மை ஆறு. எண்ணிப் பாத்தேன். ஆறு.

மொதல்ல ஒண்ண சொல்லிடுறேன். நடந்து பாக்குறதும் ஊர் பாக்குறதுதாங்க. ஏசி வேன் கண்ணாடிக்குப் பின்னாடி உக்காந்து, கைடு மைக்ல சொல்றப்ப மட்டும் கழுத்தத் திருப்பினா அது டூரு, நான் காலைல ஆறரைல இருந்து செருப்பு தேய நடந்தா அது கஞ்சத்தனமா?

அந்த அரண்மனை, கிராண்ட் பேலஸுக்கு நான் போனப்ப டிக்கெட் 500 பாட். அப்ப நம்ம காசுக்கு 1,300 ரூபா பக்கம் வந்துச்சு. தாய்லாந்துக்காரங்களுக்கு ஃப்ரீ, அவங்க அரண்மனை, நியாயம்தான். நான் வெள்ளை மதிலச் சுத்தி நடந்தேன், மேல தெரியுற கோபுரத்தப் பாத்தேன், வந்துட்டேன். அன்னைக்கு மொத்தச் செலவே 264 பாட். இதுல யாரு குடி கெட்டுச்சு?

காலைல ஹுவா லம்போங் ஸ்டேஷன்ல ஆரம்பிச்சேன். 1916ல திறந்த ஸ்டேஷன், 2023 ஜனவரில தூரத்து ரயில்கள்ல முக்கால்வாசிய பாங் சூ பக்கம் புது ஸ்டேஷனுக்கு மாத்திட்டாங்க, அதனால அவ்ளோ பெரிய வளைவுக் கூரைக்குக் கீழ நாலு பேரும் ஒரு பூனையும். அங்கருந்து சீனக்காரங்க கடைத்தெரு யாவராட், அப்புறம் சம்பெங் சந்து. சம்பெங்ல எதிரெதிரா ரெண்டு பேரு வந்தா ஒருத்தர் கடைக்குள்ள ஒதுங்கணும், அந்த சந்துக்குள்ளயும் மூட்டைய ஏத்திக்கிட்டு பைக் வரும். வேன் வராது அண்ணே. வேன் வராத எடத்துலதான் ஊரு இருக்கு.

இப்ப ஓசிச் சோறுக்கு வர்றேன். நம்ம நாட்டுக்காரங்க துணிக்கட வச்சிருக்குற பாஹுராட்ல தங்கக் கலசம் வச்ச பெரிய சீக்கியர் குருத்வாரா இருக்கு, காலைல லங்கர்னு எல்லாருக்கும் இலவசச் சாப்பாடு போடுறாங்க. தலைல கர்ச்சீப் கட்டி, தரைல உக்காந்து ரொட்டி, பருப்பு சாப்ட்டேன். எனக்கு இந்தப் பக்கம் ஒரு தாய்லாந்துக் கிழவி, அந்தப் பக்கம் சட்ட இஸ்திரி கலையாத ஒரு துணிக்கட மொதலாளி. அவரும் ஓசிச் சோறுதான் தின்னாரு. யாரும் யாரையும் ஃபோட்டோ எடுத்து சிரிக்கிற பொம்ம போடல. உண்டியல்ல 20 பாட் போட்டேன், அந்தக் கணக்கும் என் பதிவுல மூணாவது வரில இருக்கு, அத மட்டும் வசதியா க்ராப் பண்ணிட்டீங்க. நம்ம ஊரு கோயில்ல அன்னதானத்துக்கு லைன்ல நிக்கிறப்ப "பிரசாதம்", நான் பாங்காக்ல சாப்ட்டா "ஓசி". நல்லா இருக்கு.

அடுத்தது பாக் க்ளோங் தலாத், பூ மார்க்கெட். இத நான் அந்தப் பதிவுல ஒரே வரில தாண்டிட்டேன், ஏன்னு கீழ சொல்றேன். சாமந்தித் தலைய மட்டும் கிள்ளி பாலிதீன் பைல மூட்ட மூட்டையா அடுக்கி வச்சிருப்பாங்க, ஐஸ் கரைஞ்சு தரையெல்லாம் தண்ணி. ஒரு அக்கா முக்காலில உக்காந்து மல்லி மொட்டு கோத்துட்டு இருந்துச்சு. நம்ம மாதிரி கட்டுறதில்ல, ஒரு சாண் நீளத்துக்கு மேல இருக்குற ஊசி, அதுல மொட்டுகள வட்டமா சுத்திச் சுத்திக் குத்தி, அப்படியே நூலுக்கு இறக்கிடும். நான் பேச்சுக்கு "மல்லி"ன்னேன். அது நிமிந்து பாத்து "மலி, மலி"ன்னுச்சு. மாலையக் காட்டி "மாலை"ன்னேன், "மாலை"ன்னே திருப்பிச் சொல்லுச்சு. அங்க அதுக்கு புவாங் மாலைன்னு பேரு. நூல் கேட்டு வாங்கி, ரெண்டு ரெண்டு மொட்டா எதிரெதிரா வச்சு விரல்ல சுத்தி முடிச்சுப் போட்டுக் கட்டிக் காட்டினேன். பக்கத்துக் கடைக்காரம்மாவையெல்லாம் கூப்ட்டுக் காட்டிச் சிரிச்சுச்சு. 20 பாட்டுக்கு ஒரு மாலை வாங்கினேன்.

எனக்கு எப்படிப் பூக்கட்டத் தெரியும், இத ஏன் ஒரே வரில தாண்டினேன்னு கேக்கலாம். எங்கம்மா பூ கட்டித்தான் எங்கள வளத்துச்சு. திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கு விடியுறதுக்கு முன்னாடி நடந்து போகும், பஸ் காசு மிச்சம்னு. கூடைய இடுப்புல வச்சு நடந்தே திரும்பும். அத யாரும் அட்வென்ச்சர்னு சொல்லல, கஞ்சத்தனம்னும் சொல்லல. அது பாட்டுக்கு நடந்துச்சு.

சரி, இவ்ளோ தூரம் வந்தாச்சு, உள்ளதச் சொல்லிடுறேன். மேல நான் ஏதோ தத்துவத்துக்காக நடந்த மாதிரி எழுதிட்டேன். எங்கிட்ட காசு கம்மிங்க. அவ்ளோதான். 500 பாட் குடுத்து உள்ள போயிருந்தா அடுத்த ரெண்டு நாள் சாப்பாடு இடிக்கும். ஆசையா இல்லையான்னா, இருந்துச்சு. கேட்டுக்கு வெளிய பத்து நிமிஷம் நின்னு யோசிச்சேன், அந்த பத்து நிமிஷத்துலதான் அந்த செல்ஃபி. அதத்தான் நீங்க சிரிச்சீங்க.

"காசில்லன்னா எதுக்கு வெளிநாடு?" இந்தக் கமெண்டுக்கு எழுபது லைக். காசு சேர்ந்தப்புறம் முட்டி இருக்காதுங்க, அதுக்குத்தான் இப்பவே. "வெள்ளக்கார பேக்பேக்கர் மாதிரி ரோட்டுல அட்ட எழுதி வச்சு கையேந்தப் போறான்"னு ஒருத்தர். நான் யார்ட்டயும் ஒரு பாட் கேக்கல, ஆன காசுக்கெல்லாம் நான்தான் குடுத்தேன். "உன்னால அந்த ஊருக்கு என்ன லாபம்?" பூக்கார அக்காவ கேளுங்க. தோழி ஒருத்தி மட்டும் "நீ ஆம்பள, இருட்டுனப்புறமும் நடக்கலாம்"னா. அது நெசம். அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல.

அப்புறம் அரண்மனை, அரண்மனைன்னு குதிக்கிறவங்க ஒருத்தராவது சாவ் சிங் சா பாத்தீங்களா? அரண்மனைல இருந்து நடக்குற தூரம். நடு ரோட்டுல ஓங்கி நிக்கிற செவப்பு ஊஞ்சல் சட்டம், முதலாம் ராமா ராஜா காலத்துல 1784ல மொதமொதல்ல வச்சது, பக்கத்துலயே பிராமணர் கோயில். அங்க ஊஞ்சலாடுன திருவிழாவுக்குப் பேரு திரியம்பவாய், திரிபவாய். வேற ஒண்ணும் இல்ல, நம்ம திருவெம்பாவை, திருப்பாவை. ஊஞ்சலாட்டம் 1935லயே நின்னு போச்சு, சட்டம் நிக்குது. டிக்கெட் கெடையாது. மார்கழி குளிர்ல எங்கம்மா கூடவே எந்திரிச்சு கோயில் மைக்ல பாவை கேட்டவன் நான், அங்க நின்னு எனக்கு என்னாச்சுன்னு உங்களுக்கு விளக்க முடியாது, விட்டுருங்க. நாலு நாள் பேக்கேஜ்ல நீங்க போன லிஸ்ட்டும் பாத்தேன், அதுல ஒரு முழு மத்தியானம் நகைக் கல்லு விக்கிற கடைல போயிருக்கு. நான் ஒண்ணும் சொல்லல.

சாயங்காலம் தங்க மலைங்குற கோயில் குன்றுக்கு 344 படி ஏறினேன், அங்க டிக்கெட் எடுத்துத்தான் ஏறினேன், அதுவும் அந்தக் கணக்குல இருக்கு. மேல இருந்து பாத்தா அரண்மனைக் கோபுரம் வெயில்ல நல்லாவே தெரிஞ்சுச்சு.

கமெண்ட் ஆஃப் பண்ணல. திட்டுறவங்க திட்டலாம். ஆனா போன வாரம் இன்பாக்ஸ்ல வந்து "தம்பி, பையன் ஃப்ரெண்ட்ஸோட பாங்காக் போறான், வாட் அருண் கோயிலுக்குப் போற அந்த சின்ன போட் எங்க ஏறணும்"னு கேட்டுட்டு, இந்த வாரம் சிரிக்கிற பொம்ம போட்டது யாருன்னு நான் பேர் சொல்லப் போறதில்ல. பதில் போட மறந்துட்டேன் அண்ணே, மன்னிச்சுக்கோங்க. தா தியன் துறை. 5 பாட். சில்லறையா வச்சுக்கச் சொல்லுங்க.