ரெண்டு பணம் குடுத்தாச்சு, அப்புறம்?

போன ஞாயித்துக்கிழமை சர்ச்சுல எங்க பாஸ்டர் ஐயரு பைபிள்ல லூக்கா 10 எடுத்தாரு. நல்ல சமாரியன், வழியில அடிபட்டுக் கிடந்தவன ஒரு அன்னியன் தூக்கிட்டுப் போயி சத்திரத்துல வச்சுப் பாத்துக்குறது. சண்டே ஸ்கூல்ல இருந்து கேக்குற கதை, கழுதை, எண்ணெய், திராட்சரசம் எல்லாம் அத்துப்படி. ஆனா அன்னைக்கு ஒரு வரில மாட்டிக்கிட்டேன். சத்திரக்காரன் கையில ரெண்டு பணம் குடுத்துட்டு, மேல செலவானா நான் திரும்பி வரும்போது தர்றேன்னு சொல்றான்ல, அங்க. ரெண்டு பணம்னா அப்ப ரெண்டு நாள் கூலி. அத நாமளும் குடுத்துருவோம்ங்க, ஜிபேல அனுப்பிட்டு ஸ்டேட்டஸும் வச்சுருவோம். திரும்பி வர்றதுதான் வராது.

எங்க காம்பவுண்ட்ல ஒரு அக்கா, மாரியம்மன் கோயிலுக்குப் போறவங்க. அவங்க வீட்டுக்காரருக்கு ஆடி மாசம் ஸ்ட்ரோக் வந்து ஒரு பக்கம் கை கால் விழுந்துருச்சு. சர்ச் பெண்கள் ஐக்கியத்துல இருந்து நாலு பேரு போயி ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வச்சு, ஜெபம் பண்ணி, ஆண்டவர் பாத்துப்பாருக்கான்னு சொல்லிட்டு, அந்த அக்கா போட்ட காபியையும் குடிச்சுட்டு வந்தோம், டம்ளரக்கூட கழுவி வைக்கல. அதுக்கப்புறம் செவ்வாய், வெள்ளி பிசியோதெரபிக்கு அவர ஆட்டோல ஏத்த ஆள் இல்லாம டீக்கடைப் பையனக் கூப்பிட்டுட்டு இருந்தாங்க. எனக்குத் தெரியும். மாடில துணி காயப்போட்டுக்கிட்டே பாத்தேன். கண்ணுல பட்டவனையே நேசிக்காதவன் காணாத தேவன எப்படி நேசிப்பான்னு பைபிள்ல யோவான் கேட்டது எனக்குத்தான் போல.

1999 ஜனவரில ஒடிசா மனோகர்பூர்ல, தொழுநோயாளிங்களுக்கு ஊழியம் பண்ணுன ஆஸ்திரேலியா மிஷனரி கிரஹாம் ஸ்டெயின்ஸையும் அவரோட 10 வயசு, 6 வயசுப் பையன்களையும் வண்டியோட வச்சு எரிச்சாங்க. அவரு மனைவி கிளாடிஸ் மன்னிச்சதத்தான் எல்லா பிரசங்கத்துலயும் சொல்லுவாங்க. பெரிய விஷயம்தான், ஆனா என்னய உலுக்குறது அந்தம்மா அதுக்கப்புறமும் பாரிபடால அதே தொழுநோயாளிங்களோட 2004 வரைக்கும் இருந்தது. யாரும் கேமரா தூக்கிட்டு வராத சாதாரணக் காலைங்க எத்தன இருந்திருக்கும்!

இந்த செவ்வாய் கீழ இறங்கிப் போனேன். அக்கா என்னப் பாத்ததும் "என்னம்மா, ஜெபம் பண்ணவா? ஆட்டோ வந்துருச்சேம்மா"ன்னாங்க. சுருக்குனு இருந்துச்சு. இல்லக்கா, அண்ணன ஏத்தி விடத்தான் வந்தேன்னு சொல்லி அவரு கையப் பிடிச்சேன், "ஐயோ, அந்தக் கைய இழுக்காத, தோள்பட்ட வலிக்கும், இடுப்பப் பிடி"ன்னாங்க. ரெண்டு மாசமா அந்த டீக்கடைப் பையனுக்குத் தெரிஞ்சது எனக்கு அப்பதான் தெரியுது. வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு ஆட்டோ.