பனிக்கடியில் கடல் இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

"சனியின் நிலவில் கடல்", "வியாழனின் நிலவில் உயிரா?" என்று அவ்வப்போது டைம்லைனில் ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. கூடவே பனி ஓட்டைக் குறுக்கே வெட்டி, அடியில் நீலத் தண்ணீரைக் காட்டும் ஒரு படம். அது ஓவியர் வரைந்தது. அந்த நிலவுகளின் பனி ஓட்டைத் துளைத்து அடியில் என்ன என்று இதுவரை எந்தக் கருவியும் பார்த்ததில்லை.

அப்படியானால் எல்லாம் கப்சாவா? இல்லை. சனியின் நிலவான என்சலடஸில் கடல் இருப்பதில் எனக்குத் துளிச் சந்தேகமும் கிடையாது. வியாழனின் நிலவான யூரோப்பாவில் கிட்டத்தட்ட உறுதி. சனியின் இன்னொரு நிலவான டைட்டன் விஷயத்தில் இப்போதைக்கு அடக்கி வாசிப்பது நல்லது. மூன்றையும் ஒரே தலைப்பில் போட்டுக் குழப்புவதுதான் எரிச்சல். எதை அளந்தார்கள், ஒன்றையொன்று சாராத எத்தனை வழிகளில் அளந்தார்கள் என்று கேட்டாலே வித்தியாசம் புரிந்துவிடும்.

யூரோப்பாவை எடுத்துக்கொள்வோம். 1979இல் வாயேஜர் விண்கலங்கள் அனுப்பிய படங்களில் தெரிந்த விரிசல்களே சந்தேகத்தைக் கிளப்பின. ஆனால் விரிசலை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அடியில் இளகிய பனி இருந்தாலும் மேலே அப்படித்தான் வெடிக்கும். வழக்கை நகர்த்தியது வியாழனைச் சுற்றிய கலிலியோ விண்கலத்தின் காந்தமானி, அதாவது காந்தப்புலத்தை அளக்கும் கருவி. அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் மார்கரெட் கிவெல்சன்.

வியாழனின் காந்த அச்சு அதன் சுழல் அச்சிலிருந்து சுமார் 10 டிகிரி சாய்ந்திருக்கிறது. கோள் 10 மணி நேரத்துக்குள் ஒரு சுற்று முடித்துவிடும். யூரோப்பாவும் அதே திசையில் நகர்வதால், அங்கிருந்து பார்த்தால் ஏறத்தாழ 11 மணி நேரத்துக்கு ஒருமுறை காந்தப்புலம் இந்தப் பக்கம் சாய்ந்து, அந்தப் பக்கம் திரும்பி, பழைய நிலைக்கு வரும். மாறிக்கொண்டே இருக்கும் புலத்துக்குள் ஒரு மின்கடத்தி இருந்தால் அதில் மின்னோட்டம் சுழலும். அந்த ஓட்டம் எதிர்ப்பாக ஒரு புலத்தை உண்டாக்கும். பனி மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. நடுவிலுள்ள உலோகக் கரு கடத்தும், ஆனால் அங்கிருந்து வரும் புலம் தூரம் இரட்டித்தால் எட்டில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடும். அளந்த புலமோ வலுவாக இருந்தது. ஆகவே கடத்தி மேற்பரப்பை ஒட்டியே இருக்க வேண்டும். உப்புத் தண்ணீர் கச்சிதமாகப் பொருந்துகிறது.

இதில் ஒரு ஓட்டை இருந்தது. ஆரம்பத்தில் பறந்து கடந்த தடவைகளில் கிடைத்த அளவுகளை, யூரோப்பாவுக்கே நிரந்தரமான ஒரு காந்தப்புலம் உண்டு என்று வைத்துக்கொண்டும் விளக்க முடியும். பிரித்தறிய ஒரே வழி, வியாழனின் புலம் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும் நேரம் பார்த்துப் போவது. நிரந்தரப் புலம் என்றால் திசை அப்படியே இருக்கும். தூண்டப்பட்டது என்றால் தலைகீழாகும். 2000 ஜனவரி 3 அன்று கலிலியோ அப்படிக் கடந்தது. திசை தலைகீழாகியிருந்தது. விண்வெளி ஆய்வில் இவ்வளவு சுத்தமான சோதனை அபூர்வம் என்பேன்.

ஆனாலும் "இத்தனை கிலோமீட்டர் ஆழம்" என்று செய்திகளில் வரும் எண்களை அப்படியே விழுங்க வேண்டாம். புலம் சாய்ந்து திரும்பும் அந்த 11 மணி நேரத் துடிப்பு ஒன்றை மட்டும் வைத்தால் ஆழத்தையும் உப்பின் அளவையும் தனித்தனியாகப் பிரிக்க முடியாது. உப்பு அதிகமுள்ள ஆழமில்லாத கடலும், உப்புக் குறைந்த ஆழ்கடலும் ஏறக்குறைய ஒரே புலத்தைத்தான் தரும். பிரிக்க வேண்டுமானால் இன்னொரு துடிப்பு தேவை. யூரோப்பா வியாழனைச் சுற்றும் 85 மணி நேரத் துடிப்பு அதற்கு உதவும், ஆனால் அது மிக மெல்லியது. பிடிக்கப் பல தடவை கடந்து போக வேண்டும். 2024 அக்டோபர் 14 அன்று கிளம்பிய நாசாவின் யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 49 முறை கடக்கத் திட்டமிட்டிருப்பதில் இதுவும் ஒரு காரணம். அளவீட்டைக் கெடுக்கும் முதல் எதிரி விண்கலமேதான்: அதன் வயர்களில் ஓடும் மின்சாரமும் காந்தத்தை உண்டாக்கும். அதனால்தான் காந்தமானி 8.5 மீட்டர் நீளக் கம்பத்தில் தள்ளி நிற்கிறது. இரண்டாவது எதிரி, நிலவைச் சுற்றியுள்ள பிளாஸ்மாவின் (மின்னூட்டம் பெற்ற வாயுவின்) மின்னோட்டங்கள். அதைக் கழிக்கத் தனியாக ஒரு பிளாஸ்மா கருவி வைத்திருக்கிறார்கள். முதலில் தேர்வான காந்தமானியை 2019இல் செலவு கூடுகிறது என்று நாசா கைவிட்டு, எளிமையான ஒன்றை வைத்தது. கடலைக் காட்டிக்கொடுத்த கருவி எதுவோ அதிலேயே கைவைத்தது எனக்கு இன்றுவரை சரியாகப் படவில்லை.

என்சலடஸ் வேறு ரகம். வெறும் 504 கிலோமீட்டர் விட்டம். 2005இல், சனியைச் சுற்றிய காசினி விண்கலத்தின் காந்தமானிக் குழு, சனியின் புலம் இந்தக் குட்டி நிலவுக்கு அருகே வளைவதைக் கவனித்தது. குழுத் தலைவர் மிஷல் டௌஹெர்ட்டி இன்னும் நெருங்கிப் போகச் சொல்ல, ஜூலையில் 173 கிலோமீட்டர் உயரத்தில் கடந்தார்கள். தென் துருவப் பிளவுகளிலிருந்து நீராவி பீச்சியடிப்பது தெரிந்தது.

பீச்சுகிறது என்பதற்காக உள்ளே கடல் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. பிளவின் சுவர்ப் பனி உராய்வில் சூடாகி ஆவியானாலும் இதே காட்சிதான். அதனால் உப்பைத் தேடினார்கள். பூமியிலிருந்து தொலைநோக்கியில் பார்த்தவர்களுக்கு ஆவியில் உப்பின் கூறான சோடியம் அகப்படவில்லை. காசினியின் தூசு ஆய்வுக் கருவியோ பனித்துகள்களில் சோடியம் உப்பைக் கண்டது. இரண்டும் முரண்போலத் தெரியும், முரணில்லை: தண்ணீர் ஆவியாகும்போது உப்பு பின்தங்கும்; தெறித்து உறையும் துளியில்தான் உப்பு கூடவே வரும். உள்ளே திரவம் இருந்தால் இப்படித்தான் நடந்தாக வேண்டும்.

தென் துருவத்தில் மட்டும் ஓர் ஏரி இருக்கிறதா, நிலவு முழுக்கக் கடலா என்பது அடுத்த கேள்வி. அவித்த முட்டையையும் பச்சை முட்டையையும் சுழற்றிப் பார்த்துக் கண்டுபிடிப்போமே, அதே தந்திரம். ஏழு ஆண்டுகளில் எடுத்த படங்களில் ஒரே பள்ளங்களின் இடத்தைப் புள்ளி புள்ளியாகக் குறித்து, நிலவு எவ்வளவு ஆடுகிறது என்று அளந்தார்கள். 0.12 டிகிரி. நடுக்கோட்டில் அது சுமார் அரை கிலோமீட்டர். பனி ஓடும் உள்ளேயுள்ள பாறையும் ஒட்டியிருந்தால் இவ்வளவு ஆடவே ஆடாது. 2015இல் அந்த முடிவு வந்தபோது விஷயம் முடிந்தது.

அங்கே ஹைட்ரஜனை அளந்த விதமும் சொல்லத்தக்கது. வேகமாக வரும் தண்ணீர் மூலக்கூறு கருவியின் டைட்டானியம் சுவரில் மோதினால் அங்கேயே ஹைட்ரஜன் உண்டாகிவிடும். அளப்பது நிலவின் வாயுவையா, நம் கருவி தயாரித்த வாயுவையா என்று தெரியாது. அதனால் 2015 அக்டோபரில் 49 கிலோமீட்டர் உயரத்தில் கடந்தபோது, மூலக்கூறுகள் சுவரில் படாமல் நேராக நுழையும் திறந்த வழியில் கருவியை இயக்கினார்கள். பீச்சும் வாயுவில் ஹைட்ரஜன் 0.4 முதல் 1.4 சதவீதம் இருந்தது. சூடான பாறையோடு தண்ணீர் வினைபுரிவதற்கான நல்ல அடையாளம் அது. உயிருக்கான அடையாளமாக அதைத் திரிப்பவர்களிடம் கொஞ்சம் எட்டியே இருங்கள்.

வியாழனின் இன்னொரு நிலவான கனிமீடில் துருவ ஒளியின் ஆட்டத்தை ஹபிள் தொலைநோக்கி அளந்தது. கடலில் தூண்டப்படும் எதிர்ப்புலம் அந்த ஆட்டத்தை அடக்கும்: கடல் இல்லையென்றால் 6 டிகிரி ஆட வேண்டியது, 2 டிகிரிதான் ஆடியது. அழகான வேலை. டைட்டன் ஓத விசையில் (சனியின் ஈர்ப்பு கூடிக் குறைந்து இழுப்பதில்) நெளிவதை வைத்து 2012இல் கடல் என்றார்கள். 2025 கடைசியில் அதே காசினித் தரவை மறுபடி அலசி, கடலைவிடத் தண்ணீர்ப் பைகள் கலந்த கூழ்ப்பனியே பொருந்துகிறது என்கிறார்கள். பெரும்பாலும் ஒற்றை வழியை நம்பி வந்த முடிவு என்றால் இப்படித்தான் ஆட்டம் காணும்.

கிளிப்பர் 2030 ஏப்ரலில் வியாழனை அடையும். அதன் ரேடார் 9, 60 மெகாஹெர்ட்ஸ் என இரு அதிர்வெண்களில் பனிக்குள் பார்க்கும். உப்புக் கலந்த, வெதுவெதுப்பான பனி ரேடியோ அலையை உறிஞ்சிவிடும். 9 மெகாஹெர்ட்ஸில் வியாழனே பெரும் இரைச்சல் போடும் என்பதால், நிலவின் வியாழனைப் பார்க்காத பக்கம்தான் அதற்குத் தோது. அடியிலிருந்து எதிரொலி வந்தால் கொண்டாடலாம். வராவிட்டால் "யூரோப்பாவில் கடல் இல்லை" என்று ஒரு தலைப்பு நிச்சயம் வரும். ஓடு தடிமனாக இருந்தாலும் எதிரொலி வராது. அப்போதும் காந்தமானி தரும் அந்த 85 மணி நேரக் கணக்குக்காகக் காத்திருங்கள்.