கார் கொஞ்சம் காத்திருக்கட்டும், தம்பி

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டங்களில் வளர்ந்த பிள்ளைகள் இன்று தாதியாக, ஆசிரியராக, எஞ்சினியராக வேலைக்குப் போகிறார்கள். பார்க்கவே பெருமையாக இருக்கிறது. ஆனால் வேலை நிரந்தரமான கையோடு வாசலில் புதுக் கார் வந்து நிற்கும்போது எனக்குக் கவலையும் வருகிறது.

கணக்கைப் பாருங்கள். 60,000 ரிங்கிட் கடன், 9 ஆண்டு, 3 விழுக்காடு ஃபிளாட் ரேட் (கடன் குறைந்தாலும் முழுத் தொகைக்கே வட்டி) என்றால் வட்டி மட்டும் 16,200 ரிங்கிட். மாதத் தவணை 700க்கு மேல். 3,000 ரிங்கிட் சம்பளத்தில் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்புச் சந்தா) போக 2,650 அளவில்தான் கைக்கு வரும். அதில் தவணை, பெட்ரோல், இன்சூரன்ஸ் எல்லாம் போனால் வீட்டுக்குக் கொடுக்க என்ன மிஞ்சும்? இங்கே வண்டி இல்லாமல் வேலைக்குப் போவது சிரமம், மறுக்கவில்லை. முதல் இரண்டு மூன்று வருடத்துக்கு மோட்டார் சைக்கிளோ பழைய மைவி காரோ போதும்.

"நம்ம ஆளுங்களுக்கு முதலீடெல்லாம் சரிப்படாது" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபமே வரும். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1960இல், இதே சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்கள் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிப் பங்கு வாங்கினார்கள். அந்தப் பணத்தில் சங்கம் தோட்டங்களையே வாங்கியது. அவர்கள் சம்பளம் என்ன, இன்றைய சம்பளம் என்ன!

பெரியவர்களின் பயத்துக்கும் காரணம் உண்டு. 80களில் நம் சமூகத்திடம் 10 கோடி ரிங்கிட்டுக்கு மேல் திரட்டிய மைக்கா ஹோல்டிங்ஸ் என்ற முதலீட்டு நிறுவனத்தின் ஒரு ரிங்கிட் பங்குக்கு 2010இல் கொடுக்க முன்வந்த விலை 80 காசு. கால் நூற்றாண்டு காத்திருந்தவர்களுக்கு அது பெரிய வலி. அதற்காகப் பிள்ளைகளிடம் "எதிலும் போடாதே" என்று சொல்லக் கூடாது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போடாதே என்று சொல்லுங்கள்.

சரி, எங்கே தொடங்குவது? முதலில் மூன்று மாதச் செலவுக்கான பணம் பேங்கில் இருக்கட்டும். ஒரு பேங்கில் 2,50,000 ரிங்கிட் வரை பிடிம் (வைப்புத்தொகைக் காப்புறுதி) பாதுகாப்பு உண்டு. இந்தப் பணம் இருந்தால், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றாலும் அம்மாவின் சங்கிலி அடகுக்கடைக்குப் போகாது.

அப்புறம் இபிஎஃப். சம்பளத்தில் பிடிக்கும் 11 விழுக்காட்டோடு நின்றுவிடாதீர்கள், கூடுதலாக நீங்களே கட்டலாம். ஆண்டுக்கு 1 லட்சம் ரிங்கிட் வரை அனுமதி உண்டு. 2020இல் 5.20, 2024இல் 6.30 விழுக்காடு லாப ஈவு கொடுத்தார்கள். சராசரி 5 என்றே வைப்போம். 25 வயதில் தொடங்கி மாதம் 200 ரிங்கிட் கட்டினால் 55 வயதில் 1 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல் சேரும். 35 வயதில் தொடங்கினால் ஏறக்குறைய 80 ஆயிரம்தான். பத்து வருடத் தாமதத்தில் பாதி போய்விடுகிறது! ஆனால் ஒன்று, 2024 மே முதல் கட்டும் பணத்தில் 10 விழுக்காடு மட்டுமே நினைத்தபோது எடுக்கும் ஃபிளெக்சிபல் கணக்குக்குப் போகிறது. 75 விழுக்காடு ஓய்வுக்காலக் கணக்கில் பூட்டப்படும். அதனால்தான் பேங்கில் முதலில் சேர்க்கச் சொன்னேன்.

பூமிபுத்ராக்களுக்கான ஏஎஸ்பி முதலீட்டு நிதி நமக்கில்லை என்றதும் பலர் அந்தப் பக்கமே திரும்புவதில்லை. அதே போன்ற அமானா சஹாம் மலேசியா எல்லா மலேசியர்களுக்கும் உண்டு. யூனிட் விலை எப்போதும் 1 ரிங்கிட். யூனிட் கிடைப்பதுதான் பாடு, அதை நடத்தும் ஏஎஸ்என்பியின் செயலியை அடிக்கடி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பங்குச் சந்தை, யூனிட் டிரஸ்ட் எல்லாம் இதற்குப் பிறகு, படித்துத் தெரிந்துகொண்டு. பவுன் வாங்குவதை நான் குறை சொல்லவில்லை, ஆனால் நகையாக வாங்கினால் செய்கூலி திரும்பி வராது.

டெலிகிராமில் "500 போட்டால் மூன்று மணி நேரத்தில் 5,000" என்று வருவதை மட்டும் தொடாதீர்கள். நம் பையனே அனுப்பியிருந்தாலும் சரி, கோயிலில் பார்க்கும் அண்ணனே சொன்னாலும் சரி. செக்கியூரிட்டீஸ் கமிஷன் எச்சரிக்கைப் பட்டியல் வெளியிடுகிறது, அதைப் பாருங்கள். பெயர் அதில் இல்லை என்பதாலும் நம்பிவிடாதீர்கள், உரிமம் இருக்கிறதா என்று தேடுங்கள். கூட்டு (சீட்டு) பிடிப்பதற்கும் 1971லிருந்தே சட்டத்தில் தடை இருக்கிறது. பணம் எடுத்தவர் ஓடிவிட்டால் போலீசில் போய் என்ன சொல்வீர்கள்?

சம்பளம் ஏறிய அன்றே 200 ரிங்கிட் தானாகக் கழியும்படி பேங்க் செயலியில் செய்துவிடுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சினால் போடலாம் என்றால் மிஞ்சாது. 200 முடியாதா? 50 போடுங்கள். கிராப் ஓட்டும் தம்பிமாரும் ஐ-சாரான் திட்டத்தைக் கேட்டுப் பாருங்கள். நீங்கள் இபிஎஃபில் கட்டும் பணத்துக்கு அரசாங்கமும் ஒரு பங்கு சேர்க்கிறது.

இன்னொன்று. இபிஎஃபில் வாரிசு நியமனம் செய்துவிட்டீர்களா? ஐசியை (அடையாள அட்டையை) எடுத்துக்கொண்டு ஈப்போ அலுவலகத்துக்கு ஒரு நடை போய்ச் செய்துவிடுங்கள். அந்தப் பணத்துக்காக அம்மா அப்பா வயதான காலத்தில் அலைய வேண்டாம்.