வயிற்றுவலி நடிப்பில்லை, சீட்டும் போகாது

"பரீட்சை நேரத்தில் வரும் வயிற்றுவலி வெறும் நடிப்பு, மனநல டாக்டரிடம் போனால் ரெக்கார்டில் ஏறி காலேஜ் சீட் போய்விடும்" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு அண்ணே.

பயந்தால் உடம்பில் அட்ரினலின் கூடும், குடலின் இயக்கம் மாறும். வலி நிஜமாகவே வரும். என் மகள் பத்தாவது படிக்கும்போது திங்கள்கிழமை காலையானால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். முதலில் நானும் திட்டினேன். டாக்டரிடம் காட்டினோம், வேறு கோளாறு இல்லை. அப்புறம் மெதுவாகக் கேட்டபோதுதான் சொன்னாள், அன்றைக்கு டெஸ்ட் மார்க்கை வகுப்பில் சத்தமாக வாசிப்பார்களாம். லீவு போட்டுக்கொண்டே போனால் பயம் இன்னும் வளரும் என்பதால் பள்ளிக்கு அனுப்பினோம், கூடவே போய் டீச்சரிடம் பேசினோம். வாசிப்பது நின்றது, வலியும் குறைந்தது.

சீட் விஷயம்: பொறியியல் கவுன்சலிங்கில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான் கணக்கு. சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டமே சொல்கிறது. மதுரைக்காரர்களுக்கு அரசு ராஜாஜி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. நடுராத்திரியில் பிள்ளை உடைந்து அழுதால் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குப் போன் போடுங்கள். இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.