மூன்று நீல டிக்? அப்படி ஒன்றே இல்லை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வர்த் பகுதிக் குடும்பக் குழுக்களில் மறுபடியும் சுற்றுகிறது: ‘வாட்ஸ்அப்பில் மூன்று நீல டிக் விழுந்தால் அரசாங்கம் படித்துவிட்டது, ஒன்று சிவப்பானால் கேஸ்.’

பொய். சாம்பல் டிக் ஒன்று என்றால் அனுப்பியாச்சு, இரண்டு என்றால் போய்ச் சேர்ந்தாச்சு, இரண்டும் நீலமானால் படிச்சாச்சு. அவ்வளவுதான். பெரியம்மா அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்; மூன்றாவது டிக் கோணலாக ஒட்டியிருந்தது!

2016 முதல் செய்திகள் முழுக்கப் பூட்டப்பட்டே போகின்றன. நடுவில் வாட்ஸ்அப் நிறுவனமே படிக்க முடியாது.

மின்வெட்டுக்காக அரசைத் திட்டுவது தென்னாப்பிரிக்காவில் குற்றமில்லை. அரசியலமைப்பின் 16ஆம் பிரிவு கருத்துரிமை தருகிறது. வன்முறையைத் தூண்டினால் கதை வேறு: 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சைபர் குற்றச் சட்டம் பாயும். அப்போதும் காட்டிக்கொடுப்பது டிக் அல்ல, குழுவிலுள்ள யாரோ எடுத்த ஸ்கிரீன்ஷாட்தான்.